கப்பல் ஏறாத உரம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் எந்தப் பொருளின் விலையைக் கேட்டாலும் அதற்குள் கடலும் அடங்கியிருக்கும். சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. பயணிகள் கப்பல் மூன்று நாள் அளவில் கடக்கும் தொலைவு அது. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய அந்நகரிலிருந்து வடக்கே டிக்லிபூருக்கோ தெற்கே கார் நிக்கோபாருக்கோ சரக்கு செல்ல வேண்டுமெனில், மீண்டும் ஏற்றி மீண்டும் இறக்க வேண்டும். உர மூட்டையும் இவ்வழியே வருகிறது. அரசின் மானியம் அதன் விலையைத் தாங்கிப் பிடிக்கலாம். அது வந்து சேரும் நாளை முடிவு செய்வது கப்பலும் வானிலையுமே.

அதே தீவுகளில் தென்னந்தோப்பில் விழும் ஓலை எரிக்கப்படுகிறது. சந்தையில் மிஞ்சும் காய்கறியும் விடுதிச் சமையலறைக் கழிவும் குப்பை மேட்டுக்குச் செல்கின்றன. இந்த முரண்பாட்டுக்கு மண்புழு உரம் ஒரு தீர்வு என்று பல்லாண்டுகளாகப் பேசப்படுகிறது. நாமும் அதை ஏற்கிறோம். ஆனால் ஒரு திருத்தத்துடன் ஏற்கிறோம். மண்புழு உரம் தீவுகளுக்கு மூட்டையாக வந்து விற்கப்படும் இன்னொரு சரக்காகிவிடக் கூடாது. ஓலை விழும் தோப்பிலேயே அது உருவாக வேண்டும். கடனும் மானியமும் அந்த நோக்கத்துக்கு ஏற்றவாறு அமைய வேண்டும். இதுவே நம் கருத்து.

புழுவின் பணி

மண்புழுவின் பெருமை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட தம் இறுதி நூலை மண்புழுக்களுக்கே ஒதுக்கினார். ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே சென்று மேற்பரப்புக்கு வருவதாக அவர் கணக்கிட்டார். பத்தாண்டு கழித்து, 1891இல், தமிழில் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் ஒரு பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து அதன் உழைப்பைப் போற்றுகிறது. உழவனின் நண்பன் என்று பள்ளிப் பாடங்கள் அதை அழைப்பதற்கு முன்பே நம் இலக்கியம் அதைக் கண்டுகொண்டது.

புழு செய்யும் பணி எளிதாக விளங்கக்கூடியது. பாதி மட்கிய இலை தழையை அது உண்கிறது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மேலும் சிதைக்கின்றன. வெளிவரும் கழிவு நயமான குருணையாக, செடி உடனே எடுத்துக்கொள்ளத்தக்க சத்துகளுடன் அமைகிறது. சாதாரண மட்குக் குழியில் பல மாதங்கள் ஆகும் மாற்றம், புழுத் தொட்டியில் இரண்டு அல்லது மூன்று மாதங்களில் நிறைவேறுகிறது. தமிழகத்தில் இத்துறையை மக்களிடம் கொண்டுசென்ற முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் போன்றோர், உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே இதனைச் செய்யலாம் என்று வலியுறுத்தி வந்திருக்கின்றனர். தீவுகளுக்கு அந்த வலியுறுத்தல் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்; அதைப் பின்னர்க் காண்போம்.

தீவு மண் கேட்பது என்ன?

8,249 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு. வேளாண்மைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 50,000 ஹெக்டேர் மட்டுமே. காட்டை அழித்து நிலத்தைப் பெருக்குதல் இயலாது. அது கூடவும் கூடாது. ஆகவே இருக்கும் நிலத்தின் வளத்தைக் காப்பதைத் தவிரத் தீவு உழவருக்கு வேறு வழியில்லை.

அந்த வளத்துக்கு முதல் சோதனை மழையே. ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவு மழை பொழிகிறது. இது தமிழகச் சராசரியைப் போல மூன்று மடங்கு. மே முதல் டிசம்பர் வரை நீளும் மழை, சரிவான நிலங்களில் மேல்மண்ணையும் அதில் கரைந்த சத்துகளையும் கடலுக்கு அடித்துச் செல்கிறது. மண் புளிப்புத் தன்மை அடைகிறது. நீரில் எளிதாகக் கரையும் இரசாயன உரத்தை இத்தகைய மண்ணில் இட்டால், பயிருக்குச் சேருமுன் அதன் பெரும்பகுதி வழிந்தோடிவிடும். மட்கு நிறைந்த மண்ணோ சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சி மாதங்களில் அந்த ஈரமே செடியைக் காக்கிறது.

இரண்டாம் சோதனை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. ஆழிப்பேரலை பத்தாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட வேளாண் நிலத்தைப் பாதித்தது. சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்களில் கடல்நீர் நிலையாகத் தங்கிவிட்டது. பிற இடங்களில் அடுத்தடுத்த ஆண்டுகளின் மழை உப்பைக் கழுவியது. ஆனால் கட்டமைப்பு குலைந்த மண்ணை மீட்க அங்ககப் பொருள் தேவைப்பட்டது. உப்பு மிகுந்த மண்ணில் மண்புழு வாழாது. ஆனால் வேறிடத்தில் அது உருவாக்கிய உரம் அந்த மண்ணைத் தேற்ற உதவும்.

கணக்கைத் திறந்து பார்ப்போம்

மண்புழு உரத்தை ஆதரிப்போர் சிலர் அதை இரசாயன உரத்துக்கு நேர் மாற்றாகக் காட்டுகின்றனர். வங்கி வாடிக்கையாளர்களுக்குக் கணக்கை மறைக்க வேண்டியதில்லை. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரிகளும் நீங்கலாக, ரூ.242. அதில் ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. அதே அளவு தழைச்சத்தை 1.8 விழுக்காடு தழைச்சத்துள்ள மண்புழு உரத்திலிருந்து பெற வேண்டுமாயின் 1,150 கிலோ தேவை. மானிய விலை யூரியாவுடன் தழைச்சத்து அளவில் மட்டும் போட்டியிட்டால், விலைக்கு வாங்கும் மண்புழு உரம் எங்கும் தோற்கும். அதைக் கடல் கடந்து கொண்டுவந்தால் இரட்டிப்பாகத் தோற்கும். ஏனெனில் அந்த மூட்டையின் எடையில் கணிசமான பங்கு வெறும் ஈரமே. ஈரத்துக்கும் கப்பல் கூலி கொடுப்பது பொருளாதாரம் ஆகாது.

தோப்பிலேயே உருவாகும் உரத்தின் கணக்கு வேறு. கேரளத்தின் காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னை ஓலையை மண்புழு உரமாக்கும் முறையை வகுத்துள்ளது. நன்கு பராமரிக்கப்படும் ஒரு ஹெக்டேர் தோப்பில் ஆண்டுக்கு 6 முதல் 8 டன் ஓலைக் கழிவு கிடைக்கும். பத்துப் பங்கு ஓலைக்கு ஒரு பங்கு சாணம் கரைத்துத் தெளித்து, இரண்டு மூன்று வாரம் பதப்படுத்தி, ஒரு டன்னுக்கு ஒரு கிலோ புழு விட்டால், 75 முதல் 90 நாளில் ஓலை எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு உரமாகத் திரும்பும். அதில் தழைச்சத்து 1.8 விழுக்காடு அளவில் இருக்கும்.

இதை ஒரு தோப்புக்குப் பொருத்துவோம். 6 டன் ஓலையிலிருந்து 4 டன்னுக்குச் சற்று மேல் உரம். அதில் ஏறத்தாழ 75 கிலோ தழைச்சத்து. ஹெக்டேருக்கு 175 மரம் என்றும், மரமொன்றுக்கு ஆண்டுக்கு 500 கிராம் தழைச்சத்து என்ற வழக்கமான பரிந்துரைப்படியும் கணக்கிட்டால், தேவை 87.5 கிலோ. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் சற்றுக் குறையும் எனினும், தேவையின் பெரும்பகுதியை விழுந்த ஓலையே தருகிறது.

சாம்பல்சத்தில் நிலை வேறு. மரமொன்றுக்கு 1,200 கிராம் வீதம் ஹெக்டேருக்கு 210 கிலோ தேவைப்படும் இடத்தில், ஓலை உரம் ஏழு கிலோ அளவே தரும். தென்னைக்கு மிகவும் வேண்டிய சத்து இது. எனவே தேங்காய் மட்டையையும் அடுப்புச் சாம்பலையும் மரத்தடிக்குத் திருப்பியாக வேண்டும்; மண் பரிசோதனை குறை காட்டினால் வெளியிலிருந்தும் சாம்பல்சத்து இட வேண்டும். மண்புழு உரம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லி உழவரை ஏமாற்றுவது, அவ்வுரத்துக்கே இழைக்கும் தீங்கு.

சாணமும் கூரையும்

நிலப்பகுதியில் மண்புழு உரம் என்றதும் மாட்டுத் தொழுவம் நினைவுக்கு வரும். தீவுகளில் மாடுகள் குறைவு. இதையே காரணம் காட்டி, இத்தொழில் தீவுக்கு ஒவ்வாது என்போர் உளர். ஓலை முறையில் இத்தடை பெரிதன்று. 6 டன் ஓலைக்கு 600 கிலோ சாணம் போதும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ வீதம் ஒரு பசுவின் இரண்டு மாதச் சாணம் அது. மிளகுக்கொடி ஏற வளர்க்கும் கிளைரிசிடியா மரத்தின் தழையையும் அளவோடு சேர்க்கலாம். தீவுகளில் இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் தென்னை உள்ளது, மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

மெய்யான தடை மழையே. நிலத்தில் குழி தோண்டும் முறை இங்கு உதவாது. முதல் பெருமழையில் குழி நிரம்பும், காற்றின்றிப் புழுக்கள் வெளியேறும் அல்லது மடியும். தரைக்கு மேல் உயர்த்திய தொட்டி, அடியில் நீர் வடியும் துளை, மழைச்சாரலைத் தடுக்கும் இறக்கமான கூரை, எறும்பு ஏறாதிருக்கச் சுற்றிலும் நீர்க்கால் ஆகியவை இன்றியமையாதவை. கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு துளி நீர் கசியும் ஈரமே சரியான அளவு. மீன் கழிவு, இறைச்சி, எண்ணெய், உப்பிட்ட உணவு ஆகியவற்றைத் தொட்டியில் இடலாகாது.

நாட்டின் பல இடங்களில் மானியத்தில் கட்டிய தொட்டிகள் சில ஆண்டுகளில் வெறுமையாகக் கிடக்கின்றன. குறை பெரும்பாலும் புழுவினுடையது அன்று. தொட்டிக்குப் பணம் கிடைத்தது. கூரைக்கும், ஓலை சேர்க்கும் கூலிக்கும், முதல் அறுவடை வரையிலான மூன்று மாதப் பராமரிப்புக்கும் யாரும் கணக்கிடவில்லை.

எந்தப் புழு?

தீவுகளுக்குப் புதிய உயிரினத்தைக் கொண்டுவருவது சிறு முடிவன்று. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட புள்ளிமான் இங்கே இயற்கைப் பகைவரின்றிப் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்கிறது. ஜப்பானியர் பிடியில் தீவுகள் இருந்த 1942–45 காலத்தில் வந்ததாகக் கூறப்படும் ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்றும் காய்கறித் தோட்டங்களைத் தின்று வருகிறது.

உரத் தயாரிப்பில் பரவலாகப் பயன்படும் யூட்ரிலஸ் இனம் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஐசீனியா இனம் ஐரோப்பாவைச் சேர்ந்தது. பெரியோனிக்ஸ் இனம் ஆசியாவுக்கு உரியது. ஸ்ரீ விஜயபுரத்தில் 1978 முதல் இயங்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை அணுகி, தீவுகளில் ஏற்கெனவே உள்ள, பரிந்துரைக்கப்படும் புழுவை மட்டுமே பெறுதல் நன்று. நிலப்பகுதியிலிருந்து உர மூட்டை வரவழைப்பதை நாம் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்: முதிராத மண்புழு உரத்துக்குள் புழுவின் முட்டைக்கூடுகளும் களை விதைகளும் மறைந்து வரலாம்.

நிக்கோபார் தரும் சான்று

இரசாயனமின்றிச் சாகுபடி இயலுமா என்று ஐயுறுவோர் தெற்கு நோக்கிப் பார்க்கலாம். கார் நிக்கோபார், நான்கௌரி தீவுக் கூட்டங்களில் உள்ள 14,491 ஹெக்டேர் நிலத்துக்கு, பங்கேற்பு உறுதிமுறையின் பெரும்பரப்புச் சான்றளிப்புத் திட்டத்தில் 2021இல் மத்திய அரசு அங்ககச் சான்று வழங்கியது. இத்திட்டத்தில் இச்சான்று பெற்ற முதல் பெரும் நிலப்பரப்பு அதுவே. மரபாகவே இரசாயனம் தொடாத நிலம் என்பதால், மாறுதலுக்கென ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. இரசாயன இடுபொருள்களை விற்கவும் வாங்கவும் சேமிக்கவும் நிர்வாகம் தடை விதித்துள்ளது.

சான்று கிடைத்ததும் பொறுப்பு கூடுகிறது. வெளியிலிருந்து உரம் கொண்டுவர இயலாத நிலத்தில், விளைச்சலோடு வெளியேறும் சத்தை உள்ளிருந்தே ஈடுசெய்ய வேண்டும். கொப்பரை ஏற்றுமதியாகும் ஒவ்வொரு மூட்டையிலும் மண்ணின் ஒரு பங்கு வெளியேறுகிறது. ஓலையும் மட்டையும் மரத்தடிக்குத் திரும்பாவிடில் சான்றிதழ் சுவரில் இருக்கும்; வளம் மண்ணில் இராது.

கடன் எதற்கு, எவ்வாறு?

தீவு மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அவர்களில் பலர் தென்னையும் பாக்கும் காய்கறியும் பயிரிடும் சிறு உழவர்கள். அவர்களுக்கும், இத்தொழிலில் ஈடுபட விரும்பும் பிறருக்கும் வங்கி வழியே கிடைக்கும் உதவிகள் சில உள்ளன.

1998இல் தொடங்கிய உழவர் கடன் அட்டை அன்றாடச் சாகுபடிச் செலவுக்கானது. உரத் தயாரிப்புக் கூலியும் சாகுபடிச் செலவே என்று கருதி மதிப்பிட வேண்டும். பிணையின்றி வேளாண் கடன் பெறும் வரம்பு 2025 ஜனவரி முதல் ரூ.2 லட்சமாக உயர்ந்துள்ளது. குடும்பத் தோப்புக்கான தொட்டியும் கூரையும் இவ்வரம்புக்குள் அடங்கும். 2020இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதி, ரூ.2 கோடி வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகைக்கு வழி செய்தது. அங்கக இடுபொருள் தயாரிப்பும் அதன் பட்டியலில் இடம்பெற்றது. 2015இல் வந்த பரம்பரகத் கிருஷி விகாஸ் திட்டம் மூன்றாண்டுக்கு ஹெக்டேருக்கு ரூ.31,500 என நிர்ணயித்து, அதில் ரூ.15,000ஐ அங்கக இடுபொருளுக்காக உழவரின் கணக்குக்கே அனுப்ப வகை செய்தது. இவற்றின் நடப்பு விதிகளைக் கிளையில் கேட்டறிதல் நலம்.

திட்டங்கள் இருந்தும் பயன் குறைவாயின், கடனின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, தொட்டிக்கும் கூரைக்கும் முதல் இரு சுற்றுகளின் கூலிக்கும் சேர்த்தே கடன் கணிக்கப்பட வேண்டும். ஒரு சுற்று மூன்று மாதம் என்பதால், முதல் உரம் எடுக்கும் வரை தவணை தொடங்கலாகாது.

இரண்டாவது, நிலப்பத்திரத்தை மட்டும் பார்த்துக் கடன் வழங்கும் வழக்கம் இங்கு முழுமையாகப் பொருந்தாது. கார் நிக்கோபாரில் நிலம் ‘துஹெத்’ எனப்படும் பெருங்குடும்பத்துக்குரியது. தனியொருவர் பெயரில் அடமானம் என்பது அங்கு இயல்பன்று. சுய உதவிக் குழுக்களும் கூட்டுப் பொறுப்புக் குழுக்களுமே அதற்கேற்ற வழி. பழங்குடிப் பகுதிகளில் வெளியார் நுழைவதை 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை கட்டுப்படுத்துகிறது. எனவே அங்கு உரத் தொழில் அம்மக்களின் கையிலேயே அமைய வேண்டும்.

மூன்றாவது, விற்பனைக்கென உரம் தயாரிப்போர் தரத்தை முதலிலேயே திட்டமிட வேண்டும். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரத்தில் ஈரம் 15 முதல் 25 விழுக்காடு, அங்ககக் கரிமம் குறைந்தது 18 விழுக்காடு, தழைச்சத்து குறைந்தது 1 விழுக்காடு இருக்க வேண்டும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கு மேல்வரம்பு உண்டு. கலந்த குப்பையிலிருந்து எடுக்கும் உரம் இவ்வரம்பில் தவறக்கூடும். ஹேவ்லாக் என்று வழங்கிய ஸ்வராஜ் தீவிலும், நீல் என்று வழங்கிய ஷஹீத் தீவிலும் விடுதிகளும் காய்கறித் தோட்டங்களும் அருகருகே உள்ளன. விடுதிகள் சமைக்காத காய்கறிக் கழிவைப் பிரித்துத் தந்தால், அதை உரமாக்கிய உழவரிடமிருந்தே மீண்டும் காய்கறி வாங்கலாம். ஈரக் கழிவைத் தனியே பிரிப்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஏற்கெனவே வலியுறுத்திய கடமையே.

இத்தனைக்கும் ஏற்ற காலம் வறண்ட மாதங்கள். ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் ஓலையைச் சேர்த்து, தொட்டியை உயர்த்தி, கூரையை வேய்ந்துவிட்டால், மே மாத மழை தொடங்கும்போது புழுக்கள் நனையாமல் வேலையைத் தொடரும். ஆகவே கடன் கேட்க எண்ணும் வாடிக்கையாளர்கள் ஆண்டு இறுதியிலேயே கிளையை அணுகட்டும். விண்ணப்பத்தில் தொட்டியின் அளவோடு கூரையின் செலவையும் எழுதட்டும். கிளைகளும் அந்த விண்ணப்பங்களைப் பருவம் தவறாமல் முடித்துத் தரட்டும். மழை தொடங்கிய பின் கிடைக்கும் கடன் வெறும் தொட்டியாகவே நின்றுவிடும்.